ஆன்டெனாவுக்கு முன்னால் நின்ற வண்டி

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கேட்டு நான் திருதிருவென்று முழிக்க வேண்டாம் பாருங்கள். நான் ஏறிய விமானம் இறங்கவேண்டிய நேரத்தில் இறங்கவில்லை. மூக்கைக் கீழே குத்தியது, அடுத்த நொடியே அலறிக்கொண்டு மேலே ஏறியது. வெளியே பளிச்சென்று வெயில், மேகம் ஒரு துண்டுகூட இல்லை. அதுவரை கை வைக்க இடம் விடாமல் என்னோடு முட்டிக்கொண்டு வந்த பக்கத்து இருக்கைக்காரர் என் கையையே இறுகப் பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விமானியின் குரல் வந்தது. தரையில் ஒரு சின்ன இடைஞ்சல், கவலைப்பட ஒன்றுமில்லை என்றது.

கவலைப்பட ஒன்றுமில்லை என்று யார் சொன்னாலும் எனக்குக் கவலை வந்துவிடும். மருந்துக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே மாத்திரை கொடுத்தால் அட்டையைத் திருப்பித் தேதி பார்க்கிற ஜென்மம் நான். தரையில் இடைஞ்சல் என்றால் என்ன? தரையில் யார்? இறங்கியதும் விமான நிலையத்தில் வேலை பார்க்கும் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டேன். "அது ஒண்ணுமில்லீங்க, ஏதாவது வண்டி நின்னுருக்கும், சிக்னல் கொஞ்சம் ஆடியிருக்கும்" என்றார். "யாரோட வண்டி?" என்று கேட்டேன். உடனே பேச்சை மாற்றி, உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது என்று என்னை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

அவர் சொல்லாமல் விட்டதை நான் கட்டிக்கொண்டேன். கீழே வருகிறவர்கள் எல்லாரும் என் கற்பனை. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கதை தேவைப்படவில்லை, குற்றவாளி தேவைப்பட்டார். அவ்வளவு பயந்திருக்கிறேன், அதற்கு யாரையாவது கைகாட்ட வேண்டாமா?

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "அன்று எல்லாமே ஒழுங்காக இருந்தது, ஒரே ஒரு வண்டியைத் தவிர." துப்பறியும் கதை வாடை அடிக்கிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "இறங்கும் விமானத்துக்கு வழிகாட்டும் சிக்னல், ஓடுபாதையின் ஓரத்திலுள்ள உயரமான கம்பத்திலிருந்து" — பாடப்புத்தகம். இதையும் அடித்தேன். ஆனால் விஷயம் தெரியாமல் கதை நகராது. ஆகவே பாடத்தை மட்டும் அடிக்குறிப்பாக ஒதுக்கி வைக்கிறேன்.

* அந்தக் கம்பத்தில் இருக்கும் ஆன்டெனாக்கள், கீழே இறங்க வேண்டிய சாய்வை சிக்னலாக வானத்துக்கு அனுப்புகின்றன. விமானத்திலுள்ள கருவி அதைப் பிடித்து "கொஞ்சம் மேலே", "கொஞ்சம் கீழே" என்று சொல்லும். ஆன்டெனாவுக்கு முன்னால் பெரிய தகர வண்டி எதுவும் நின்றால் சிக்னல் அதில் பட்டுச் சிதறி, சாய்வு வளைந்துபோகும். கம்பத்துக்குப் பக்கத்து அறையில் ஒரு பச்சை விளக்கு இருக்கிறது. அனுப்பும் சிக்னல் சரியாக இருக்கும்வரை அது எரியும். அனுப்பிய பிறகு வழியில் என்ன ஆயிற்று என்பது அதற்குத் தெரியாது. (எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.)

மூன்றாவது தொடக்கம், இது நிற்கிறது:

மூத்தவள் கருவி அறைக்குள் இருந்தாள். புல்தரை நடுவே தனியாக நிற்கும் ஒற்றை அறை. ஜன்னல் கிடையாது. பெட்டி பெட்டியாகக் கருவிகள், அவை சூடாகாமல் இருக்க ஓயாமல் உறுமும் ஏசி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஆணியில் அவளுடைய கைப்பை. அந்தக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் அவள்தான். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூலையில் இருந்த பேட்டரிகள் வயிறு ஊதிப்போய்க் கிடந்தன, அன்றைக்கே மாற்றியாக வேண்டும். [அவள் வாக்கி-டாக்கியை எடுத்து— வேண்டாம், இந்த வாக்கியம் எங்கேயும் போகிற மாதிரி தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.] அப்போது கூரைக்கு மேலே ஒரு விமானம் வழக்கத்துக்கு மீறி அலறியது. கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடிவந்தாள். விமானம் மறுபடி மேலே ஏறிக்கொண்டிருந்தது. அறை வாசலில், ஆன்டெனாவுக்கு நேர் முன்னால், புல்லின் மேல் ஒரு வண்டி நின்றது. விமானங்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டிகளைத் தூக்கி ஏற்றுகிற, மாடி உயரத் தகர வண்டி. உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளுடைய தங்கையின் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

அவரை அவள் மாப்பிள்ளை என்று கூப்பிடுவாள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

3

முதலில் நான் சந்தேகப்பட்டது விமானியை. அதில் விஷயம் இல்லாமலும் இல்லை. பனிமூட்டத்தில் கண் தெரியாதபோது சிக்னலை மட்டும் நம்பி மெஷினே விமானத்தை இறக்கும். அதற்கு விமானிகள் வெயில் நாளில் பழகிப் பார்ப்பார்கள். பழகப்போகிறேன் என்று முன்கூட்டியே விமானங்களுக்கு உத்தரவு கொடுக்கும் டவருக்குச் சொல்ல வேண்டும். இவர் சொல்லவில்லை. வெயில்தானே!

அடுத்துச் சந்தேகப்பட்டது டவரை. பனி மூடினால் அந்தப் புல்தரைக்குள் ஈ காக்கை நுழைய விடமாட்டார்கள். வெயிலடித்தால், விமானிக்குத்தான் கண் தெரிகிறதே, சிக்னலை யார் சட்டைசெய்யப் போகிறார்கள் என்று வண்டிகளை விட்டுவிடுவார்கள். இது அங்கே நெடுநாள் வழக்கம். யாரும் ஒளித்துச் செய்வதில்லை, எல்லாருக்கும் தெரியும். வெயில்தானே!

ஆனால் விமானியும் டவரும் கதைக்குள் வர மறுத்துவிட்டார்கள். அவர்கள் உயரத்தில் இருப்பவர்கள். சந்தேகம் என்பது தண்ணீர் மாதிரி, பள்ளம் பார்த்துத்தான் ஓடும். அது மூத்தவளின் அறைக்குள் வந்து தேங்கியது.

"கருவியில ஏதோ கோளாறாமே?" என்று கேன்டீனில் ஆரம்பித்தார்கள். அவள் தட்டோடு வந்தால் பேச்சு நின்றுவிடும். "பச்சைதாங்க எரிஞ்சுது" என்று அவள் சொல்வாள். "எரிஞ்சுதுன்னு நீங்கதானே சொல்றீங்க" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். மற்றவர்கள் சிரிக்காமல் சாப்பாட்டைப் பார்த்தார்கள். விசாரணைக்கு ஓர் அதிகாரியைப் போட்டு, மறுநாள் காலையில் வரும்படி அவளுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அவள் முன்னால் இருந்த கணக்கு சுலபமானது. கருவியில் கோளாறு என்று முடிவானால் இனி அவள் அந்தக் கருவிகளைத் தொட முடியாது. படித்துப் பரீட்சை எழுதி வாங்கிய தகுதி போய்விடும். வண்டிதான் காரணம் என்று முடிவானால் மாப்பிள்ளையின் பாஸைப் பறித்துவிடுவார்கள். பாஸ் இல்லாதவர் அந்த வேலியைத் தாண்டக்கூட முடியாது, வண்டி ஓட்டுவது எங்கே? அக்கா மாடியிலும் தங்கை கீழேயுமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். தண்ணீர் மோட்டார் ஒன்று, வாசல் கதவு ஒன்று.

அவளுக்கும் என்னைப் போலவே மாப்பிள்ளை மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. சாமான் கொண்டுவரச் சின்ன வண்டி இருக்கும்போது இந்தப் பெரிய வண்டி எதற்கு? பின்பக்கமாகப் பாதை இருக்கும்போது முன்னால் வந்து நின்றது ஏன்? சில மாதங்களுக்கு முன்னால், ஆபீசுக்குள் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குத் தன்னைச் சிபாரிசு செய்யச் சொல்லி அவர் கேட்டிருந்தார். "எழுத்து வேலை உங்களுக்கு ஒத்து வராது மாப்ள" என்று இவள் பட்டென்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து அவர் மாடிக்கு வருவதில்லை. அந்தக் கோபத்தை மனசில் வைத்துக்கொண்டு தன்னை மாட்டிவிட்டாரோ என்று அவளுக்குத் தோன்றியது.

(இந்தக் காரணம் எனக்கே கொஞ்சம் நோஞ்சானாகத்தான் தெரிகிறது. ஆனால் சந்தேகத்துக்குத் தீனி அதிகம் வேண்டியதில்லை. ஒரு பழைய மனஸ்தாபம் கிடைத்தால் அதை வைத்துக்கொண்டே அது வருஷக்கணக்கில் கொழுகொழுவென்று இருக்கும்.)

4

அன்று சாயங்காலம் மூத்தவள் கீழே இறங்கிப் போனாள். இளையவள் கட்டில் நிறையத் துணியைக் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. அக்கா உட்கார இடம் விட்டுத் துணிக் குவியலை மட்டும் தள்ளினாள்.

"மாப்ள எங்கடி?"

"ஏன், நீயும் அவர விசாரிக்கணுமா? ஒருத்தர் விசாரிச்சது பத்தலையா?"

"அவர்கிட்டயும் கேட்டுட்டாங்களா?"

"நேத்தே கூப்பிட்டுக் கேட்டாச்சு. வந்து ஒரு வாய் சாப்பிடல."

மூத்தவள் ஒரு துண்டை எடுத்து மடித்தாள். தங்கை அதைப் பிடுங்கி, பிரித்து, மறுபடி தன் மாதிரியில் மடித்தாள்.

"நாளைக்கு என்ன சொல்றதுன்னே தெரியல" என்றாள் மூத்தவள்.

"தெரியலன்னா உன் பெட்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லேன். பெட்டின்னா கெடாதா? எங்க வீட்டு டிவி கெடல?"

"கெடலையே. பச்சைதானே எரிஞ்சுது."

"பச்சை, பச்சை, பச்சை! உனக்குப் பச்சை எரிஞ்சாப் போதும். எங்க வீட்டு அடுப்பு எரிய வேணாமா?"

சின்னவளுக்குப் பேச்சு எப்போதும் அப்படித்தான், சிறுவயதிலிருந்தே ஒரு வார்த்தையில் ஆளைச் சுருட்டிவிடுவாள். அந்த நேரத்தில் மோட்டாரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு மாப்பிள்ளை உள்ளே வந்தார். மூத்தவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் மாப்ள. அவ்ளோ பெரிய வண்டிய ஏன் கொண்டாந்தீங்க?"

"சின்ன வண்டி ரிப்பேருக்குப் போயிருக்கு. இருக்கற வண்டியத்தானே எடுக்க முடியும்."

"சரி. பின்பக்கமா வந்திருக்கலாம்ல? ஏன் நேரா முன்னால வந்து நின்னீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு மூத்தவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அக்கா, வெளையாடுறீங்களா? 'புது பேட்டரி கனமா இருக்கும் மாப்ள, வாசல்கிட்டயே கொண்டாந்து நிறுத்துங்க'ன்னு வாக்கி-டாக்கில சொன்னது யாரு?"

இளையவள் கையில் ஒரு சட்டை பாதி மடித்தபடி நின்றது.

"டவர்ல கேட்டேன். வெயில்தானே, போங்கன்னாங்க. வந்து ஹாரன் அடிச்சேன், ஏசி சத்தத்துல உங்களுக்குக் கேக்கல. இறங்கிக் கதவத் தட்டலாம்னு பாக்கறதுக்குள்ள மேல அந்தச் சத்தம். இவ்வளவுதான் நடந்துச்சு."

"அதிகாரிகிட்ட இதச் சொன்னீங்களா?"

"சொல்லல. யாரும் கூப்பிடல, சும்மா கொண்டுபோய் நிறுத்தினேன்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் பழைய துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கிரீஸ் போகவில்லை, பரவியதுதான் மிச்சம்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றார்.

மூத்தவள் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டாள். இத்தனை நாளும் இந்த மனிதரையா சந்தேகப்பட்டோம் என்று நினைத்தாள். அங்கே ஒரு நிமிஷம்கூட இருக்க முடியவில்லை, மாடிப்படியில் ஏறிப் போய்விட்டாள். பின்னால் இளையவள் புருஷனைத் திட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

5

நான் இதை எதிர்பார்க்கவில்லை.

நம்பமாட்டீர்கள், ஆனால் சொல்கிறேன்: மாப்பிள்ளை வாயைத் திறந்து அதைச் சொல்லும்வரை அவர்தான் குற்றவாளி என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். உடனே இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். நீங்களும் போய்ப் பார்க்கலாம். அடைப்புக்குறிக்குள் பாதியில் கிடக்கிறது அந்த வாக்கியம். அவள் வாக்கி-டாக்கியை எடுத்தாள். நான்தான் வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். எங்கேயும் போகாத வாக்கியம் என்றேன். அது நேராக ஆன்டெனாவுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறது.

அவள் மறைத்தாளா, நான் மறைத்தேனா?

அவளை நிறுத்திக் கேட்டேன். (கதாபாத்திரத்தை நிறுத்திக் கேட்கிற உரிமை எழுதுகிறவருக்கு உண்டு. பதில் சொல்ல வேண்டும் என்கிற கட்டாயம் கதாபாத்திரத்துக்கு இல்லை.) மாடியில், கால் நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கூப்பிட்டது ஞாபகம் இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு. ஆனா நான் கூப்பிட்டது சின்ன வண்டிய. வந்தது பெரிய வண்டி. அதனால நான் கூப்பிட்டது வேற, வந்தது வேறன்னு மனசு பிரிச்சு வெச்சிடுச்சு. உங்களுக்கு அப்படி ஆனதே இல்லையா?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். மேலே உள்ள அடைப்புக்குறி என்னைப் பார்த்தது.

6

இனி முடிவுகள்.

அ. அவள் போய், வண்டிதான் காரணம், ஓட்டுநர் தானாக வந்து நிறுத்திவிட்டார் என்கிறாள். மாப்பிள்ளையே அப்படித்தானே சொல்லியிருக்கிறார், ஒத்துப்போகும். அவள் வேலை தப்பும். பிறகு தினமும் அந்த ஒற்றை வாசல் கதவைத் திறந்துகொண்டு கீழ்வீட்டைத் தாண்டிப் போக வேண்டும். இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆ. கருவியில்தான் கோளாறு என்கிறாள். தியாகம். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் பெட்டியை மாற்றிவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த வெயில் நாளில் இன்னொரு வண்டி உள்ளே போகும், இன்னொரு விமானி சொல்லாமல் பழகிப் பார்ப்பார். அன்றைக்கு விமானம் மறுபடி மேலே ஏற நேரமிருக்குமா என்பது யாருக்குத் தெரியும்?

இ. உண்மையைச் சொல்கிறாள். நான்தான் கூப்பிட்டேன், வெயில் நாளில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம், இந்த வழக்கத்தை நிறுத்துங்கள் என்கிறாள். அவளுக்குத் தண்டனை கொஞ்சம் குறையும், மாப்பிள்ளை தப்பிப்பார், வானமும் தப்பிக்கும்.

இ-யைத் தேர்ந்தெடுத்தேன். சந்தோஷமாக எழுத உட்கார்ந்தேன்.

7

அதிகாரியின் அறையில் ஒரு பெரிய மேஜை, மூடிபோட்ட தண்ணீர் ஜக், வண்டிகள் நிறுத்தும் இடத்தைப் பார்த்த ஜன்னல். இளையவளும் கூட வந்திருந்தாள். நான் வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை, வா என்று இவளும் கூப்பிடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி. குரல் தன்மையாகத்தான் இருந்தது.

"கருவியில கோளாறு இல்ல சார். வண்டி முன்னால நின்னதால சிக்னல் வளைஞ்சுடுச்சு. அந்த வண்டிய வாசல்ல வந்து நிறுத்தச் சொன்னது நான்தான். நான் டவருக்குத் தனியா சொல்லியிருக்கணும், சொல்லல."

அதிகாரி பேனாவை மூடினார்.

"ஓட்டுநர் உங்களுக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி வீட்டுக்காரர்."

"ஒரே வீட்லதான் இருக்கீங்க, இல்லையா?"

"ஆமா சார். மேல நான், கீழ அவங்க."

"அவரு என்ன சொல்லியிருக்காருன்னு தெரியுமா? யாரும் கூப்பிடல, நானாத்தான் நிறுத்தினேன்னு."

"அது எனக்காகச் சொன்னது சார்."

"இது அவருக்காக நீங்க சொல்றது." அதிகாரி லேசாகச் சிரித்தார். "நல்ல குடும்பம். தப்பா சொல்லல. எங்க வீட்ல இப்படி ஒருத்தர் இல்லையேன்னுதான் தோணுது. ஆனா நான் யாரை நம்பறது சொல்லுங்க?"

"நான் சொல்றது உண்மை சார்."

"அந்த வாக்கி-டாக்கி பேச்சு எங்கயும் பதிவாகறதில்ல. உங்களுக்கே தெரியும். வெளியில உங்க தங்கச்சி உக்காந்திருக்காங்க. ராத்திரி எல்லாரும் சேர்ந்து பேசி முடிவு பண்ணிட்டு வந்திருக்கீங்கன்னு நான் நினைச்சா அது தப்பா?"

அவர் தண்ணீரை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு யோசனை சொல்றேன். பேட்டரி ஊதிப்போயிருந்துச்சு, அதனால கருவி தடுமாறிடுச்சுன்னு சொல்லிடுங்க. நான் நம்பறேன், எல்லாரும் நம்புவாங்க. உங்களுக்கு வேற பிரிவுல நாற்காலி போட்டுத் தர்றேன். அவரோட பாஸ் அவர்கிட்டயே இருக்கும். இல்ல, நீங்க சொன்னதையேதான் சொல்லுவீங்கன்னா, ரெண்டு பேரும் சேர்ந்து மறைக்கிறீங்கன்னுதான் நான் எடுத்துக்க முடியும். ரெண்டு பாஸும் போகும்."

"அப்ப நாளைக்கும் வெயிலடிச்சா வண்டிய உள்ள விடுவாங்களே சார்?"

"அதையெல்லாம் நீங்க ஏன் தலையில தூக்கிப் போட்டுக்கறீங்க?"

8

இ-யின் லட்சணம் இப்படி ஆகிவிட்டது. பொய்யை நம்பக் காத்திருக்கிறார்கள், உண்மையைச் சொன்னால் குடும்பத்தோடு சந்தேகப்படுகிறார்கள்.

நான் செய்யக்கூடியது ஒன்று பாக்கி இருந்தது. அந்த அதிகாரி என் கையால் உண்டானவர். ஒரே ஒரு வரி போதும். எழுதினேன்.

அதிகாரி அவளை நம்பினார்.

படித்துப் பாருங்கள். ஒட்டுகிறதா? எனக்கு ஒட்டவில்லை. ஏழு பகுதிகளாக ஒவ்வொருவரையும் சந்தேகப்படச் சொல்லிக்கொடுத்துவிட்டு, எட்டாவதில் வந்து நம்பு என்றால் அந்த மனிதர்தான் என்ன செய்வார்? [அதிகாரி அவளை நம்பி— ] அடித்துவிட்டேன்.

அவள் தண்ணீரைக் குடிக்கவில்லை. எதைச் சொல்வது என்று அவளுக்கு இன்னும் முடிவாகவில்லை. தன்னை நம்புகிற ஆள் ஒருவராவது இருந்தால் சொன்னதையே மறுபடி சொல்லிவிடலாம், இரண்டு பாஸும் போனாலும் போகட்டும், அந்த வழக்கத்தைப் பற்றி ஒருவர் காதிலாவது விழட்டும் என்று நினைக்கிறாள். யாருமே இல்லையென்றால் பேட்டரி என்று சொல்லிவிட்டு எழுந்துபோவதைத் தவிர அவளுக்கு வேறு வழி கிடையாது.

அதிகாரி நம்பவில்லை. நான் நம்புகிறேன், ஆனால் கதையைக் கட்டிவிட்ட ஆளின் சாட்சி எந்த விசாரணையிலும் செல்லாது. மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

நம்புகிறீர்களா? யோசித்துச் சொல்கிறேன் என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். அவள் வாயைத் திறந்துவிட்டாள்.